தெருவை மீட்டவர்கள்

நுழையும்முன்

வீட்டு வாசலைத் தாண்டியதும் தொடங்குவது தெரு. நடப்பவர், நிற்பவர், விற்பவர், விளையாடுபவர் என அனைவர்க்கும் அங்கே ஒருகாலத்தில் இடம் இருந்தது. ஊர்திகள் பெருகப் பெருக அந்த இடம் சுருங்கியது. சுருங்கிய இடத்தை எளிய மக்கள் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற வரலாறு உலகின் பல நகரங்களில் உண்டு. அவ்வரலாற்றில் தாய்மார்களும் குழந்தைகளும் முன்னின்றனர் என்பது அறியத்தக்கது.

தெரு என்னும் பொதுவிடம்

தெரு, வீதி, மறுகு, ஆவணம் எனத் தமிழில் தெருவைக் குறிக்கும் சொற்கள் பல. இவற்றுள் ஆவணம் என்பது கடைத்தெருவைச் சுட்டும். பகலில் கூடும் கடைவீதியை நாளங்காடி என்றும் இரவில் கூடும் கடைவீதியை அல்லங்காடி என்றும் பழந்தமிழர் வழங்கினர். மதுரை நகரின் இவ்விருவகை அங்காடிகளையும் அங்கே திரண்ட மக்களையும் மதுரைக்காஞ்சி விரிவாகக் காட்டுகிறது. அந்நாளைய தெருவில் தேரும் வண்டியும் சென்றன. எனினும் தெருவின் இயல்பை வகுத்தவர்கள் அங்கே நடந்தவர்களே. பொருள் வாங்குதல், செய்தி பகிர்தல், விழாக் கொண்டாடுதல், விளையாடுதல் ஆகிய அனைத்தும் தெருவிலேயே நிகழ்ந்தன.

அந்த இயல்பு இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சித்திரைத் திருவிழாவில் மதுரையின் மாசி வீதிகளில் தேர் உருளும்போது, மற்ற நாள்களில் ஊர்திகள் அடைத்துக்கொள்ளும் அதே வீதிகள் மக்களால் நிறைகின்றன. குழந்தையைத் தோளில் ஏற்றிய தந்தையும் கோலூன்றிய பாட்டியும் அன்று நடுவீதியில் அச்சமின்றி நிற்கின்றனர். ஒரு நாள் இயலுவது மற்ற நாள்களிலும் இயலுமா என்னும் வினாவைக் கேட்ட ஊர்களே பின்னாளில் தம் தெருக்களை மீட்டன.

சுருங்கிய நடைபாதை

இருபதாம் நூற்றாண்டில் மகிழுந்துகளின் எண்ணிக்கை பெருகியது. அவை தடையின்றி விரைந்து செல்வதே சாலையமைப்பின் முதல் நோக்கமாகக் கொள்ளப்பட்டது. சாலைகள் அகலமாயின, அந்த அகலம் பல இடங்களில் நடைபாதையிலிருந்தும் மரநிழலிலிருந்தும் பெறப்பட்டது. எஞ்சிய நடைபாதையும் ஊர்திகளை நிறுத்தும் இடமாக மாறியது.

இம்மாற்றத்தை அளந்தறியலாம். நின்றுகொண்டிருக்கும் மகிழுந்து ஒன்றுக்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். அது ஒரு சிறிய அறையின் பரப்பாகும். ஓடும் ஊர்திக்கு இதனினும் மிகுதியான இடம் தேவை. ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள தடம் ஒன்றில், ஒரு மணி நேரத்தில் மகிழுந்துகள் வழியாக 600 முதல் 1,600 பேர் வரை செல்லலாம் என்பது நகரத் தெருக்களை வடிவமைப்போர் பயன்படுத்தும் கணக்கு. அதே தடம் நடப்பவர்க்கு விடப்படுமானால் 9,000 பேர் வரை செல்லலாம். எனவே கூட்டம் மிகுந்த கடைவீதியில் மகிழுந்துக்கு இடமளிப்பது, குறைந்த எண்ணிக்கையினருக்கு மிகுந்த இடத்தை அளிப்பதாகவே முடிகிறது.

இடத்தைவிடப் பெரிது உயிர். மணிக்கு 30 கிலோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ செல்லும் மகிழுந்து மோதினால், மோதப்பட்டவர் பிழைக்கும் வாய்ப்பு 90 விழுக்காடு என்றும், வேகம் 45 கிலோமீட்டரைத் தொட்டால் அவ்வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கூறியுள்ளது. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் நடந்து சென்றவர்களுள் 32,825 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை தெரிவிக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர் என்பது இதன் பொருள். இவர்கள் ஊர்தி ஓட்டியவர்கள் அல்லர். கடைக்கோ பள்ளிக்கோ வேலைக்கோ நடந்து சென்றவர்கள்.

பூங்காவைக் காத்த தாய்மார்கள்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கிரீனிச் வில்லேஜ் என்னும் பகுதி உள்ளது. அதன் நடுவே அமைந்தது வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவே சுற்றுப்புறக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலாகவும் முதியோர்க்கு இளைப்பாறும் இடமாகவும் இருந்தது. நகரின் புகழ்பெற்ற ஐந்தாம் நிழற்சாலை அப்பூங்காவின் வளைவு வாயிலில் வந்து முடிகிறது.

அந்நாளில் நியூயார்க் நகரின் பூங்காக்களையும் பெருஞ்சாலைகளையும் உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர் இராபர்ட் மோசஸ். பாலங்களும் விரைவுச் சாலைகளும் பல அமைத்த அவருடைய சொல்லை மறுப்போர் நகராட்சியில் அரியர். ஐந்தாம் நிழற்சாலையைப் பூங்காவின் ஊடே நீட்டித் தெற்கே கொண்டுசெல்ல அவர் திட்டமிட்டார். 1952இல் அத்திட்டம் வெளிவந்தபோது, அப்பகுதியில் வாழ்ந்த ஷெர்லி ஹேய்ஸ் என்னும் பெண்மணி அதனை எதிர்த்தார். அவர் நான்கு ஆண்மக்களின் தாய். எந்தப் பதவியிலும் இல்லாதவர். அண்டை வீட்டாரைத் திரட்டிக் குழு அமைத்தார். வீடுவீடாகச் சென்று கையொப்பம் பெற்றார். நாளிதழ்களுக்கும் அலுவலர்களுக்கும் மடல்கள் எழுதினார்.

அவருடைய கோரிக்கையில் ஒரு தெளிவு இருந்தது. அகலமான சாலைக்கு மாற்றாகக் குறுகிய சாலை ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம் எனச் சிலர் சமரசம் பேசினர். ஹேய்ஸ் அதற்கு உடன்படவில்லை. புதிய சாலை வேண்டா என்பதோடு, பூங்காவுக்குள் முன்பே சென்றுவந்த ஊர்திகளும் நிறுத்தப்பட வேண்டும் என்றார். தற்காப்புக்காகத் தொடங்கிய போராட்டம் இவ்வாறு உரிமைக் கோரிக்கையாக வளர்ந்தது.

ஆண்டுகள் கடந்தன. 1958இல் அப்பகுதியின் பல அமைப்புகள் ஒன்றிணைந்து, வாஷிங்டன் சதுக்கத்தைப் போக்குவரத்துக்கு மூடுவதற்கான கூட்டு அவசரக் குழுவை அமைத்தன. நீண்ட பெயர்தான், ஆனால் குழுவின் ஒரே நோக்கம் பெயரிலேயே விளங்கியது. வெவ்வேறு அரசியல் சார்புடையோரும் அந்த ஒரு நோக்கத்துக்காக ஒன்றுபட முடிந்தது. இதழாசிரியராகப் பணியாற்றிய ஜேன் ஜேக்கப்ஸ், முன்னாள் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட், நகரியல் அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு ஆகியோர் துணைநின்றனர். இத்திட்டத்தை எதிர்ப்பவர்கள் ஒரு சில தாய்மார்களே என மோசஸ் இகழ்ந்ததாக ஜேக்கப்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நிலையாக மூடுங்கள் எனக் கேட்டால் அலுவலர்கள் தயங்குவர் என்பதைக் குழுவினர் உணர்ந்திருந்தனர். எனவே சோதனை முறையில் சிறிது காலம் மூடிப் பார்க்குமாறு கேட்டனர். அரசியல் தலைவர்களும் மக்களின் உணர்வை மதிக்க வேண்டியவராயினர். 1958 நவம்பரில் பூங்கா ஊர்திகளுக்கு மூடப்பட்டது. திறப்பு விழாவில் நாடாவை வெட்டுவது வழக்கம். இது மூடும் விழா ஆதலால் நாடா கட்டப்பட்டது. நாடாவைப் பிடித்து நின்றவர்கள் இரு சிறுமியர்.

சுற்றியுள்ள தெருக்கள் ஊர்திகளால் திணறும் என மோசஸ் தரப்பினர் எச்சரித்திருந்தனர். அவ்வாறு நேரவில்லை. சுற்றுத் தெருக்களில் ஊர்திகளை எண்ணியபோது எண்ணிக்கை சற்றுக் குறைந்தே காணப்பட்டது. 1959இல் அந்த மூடல் நிலையாக்கப்பட்டது. ஷெர்லி ஹேய்ஸ் முதல் கையொப்பம் திரட்டி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போராட்டத்தில் பெற்ற பட்டறிவும் கொண்டு ஜேன் ஜேக்கப்ஸ் எழுதி 1961இல் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்களின் இறப்பும் வாழ்வும் என்னும் நூல், நகரத் திட்டமிடலின் போக்கையே மாற்றியது.

தெரியுமா?

சாலையை மூடினால் அதில் சென்ற ஊர்திகள் அனைத்தும் பக்கத்துச் சாலைகளில் குவியும் எனப் பலரும் கருதுவர். பல நாடுகளில் சாலையிடம் குறைக்கப்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வொன்று 1998இல் வெளிவந்தது. ஊர்திகளில் ஒரு பகுதி எந்தச் சாலையிலும் தென்படாமல் குறைந்துவிடுவதை அது எடுத்துக்காட்டியது. மக்கள் சிலர் நடக்கின்றனர்; சிலர் பேருந்தில் ஏறுகின்றனர்; சிலர் பயண நேரத்தை மாற்றுகின்றனர்; சிலர் இரு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்துக்கொள்கின்றனர்.

குளிர்நாட்டில் ஒரு சோதனை

பூங்காவை மூடுவது ஒன்று. நகரின் முதன்மையான கடைவீதியை மூடுவது மற்றொன்று. அங்கே வணிகரின் வாழ்வாதாரமும் கலந்துள்ளது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் இச்சிக்கலை 1962இல் எதிர்கொண்டது. அந்நகரின் நடுவே சற்றேறக்குறைய 1.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரொயட் என்னும் கடைவீதி உள்ளது. 1962 நவம்பர் 17 அன்று அவ்வீதி சோதனை முறையில் ஊர்திகளுக்கு மூடப்பட்டது.

கடைக்காரர்கள் அஞ்சினர். மகிழுந்து வராவிட்டால் வாடிக்கையாளரும் வாரார் என்றனர். வெளியில் அமர்ந்து பொழுதுபோக்குவது இத்தாலியர் வழக்கம். குளிர்நாட்டினராகிய டேனியர்க்கு அது பொருந்தாது என்றனர் வேறு சிலர். எதிர்ப்பு முற்றி, நகரத்தந்தைக்குக் கொலை மிரட்டல் வந்ததாகவும் கூறப்படுகிறது. ஆனால் மக்கள் வந்தனர். நடப்போர் எண்ணிக்கை உயர்ந்தது, கடைகளும் பிழைத்தன. 1964இல் அந்த ஏற்பாடு நிலையானது.

அவ்வீதியில் தொடர்ந்து ஆய்வு செய்தவர் யான் கேல் என்னும் கட்டடக் கலைஞர். அவர் ஊர்திகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. எத்தனை பேர் நடக்கின்றனர், எத்தனை பேர் அமர்கின்றனர், எங்கே நின்று பேசுகின்றனர் என்பவற்றையும் ஆண்டுக்கணக்கில் எண்ணிக் குறித்தார். எண்ணப்படாதவை திட்டத்தில் இடம்பெறுவதில்லை. நடப்பவரும் எண்ணப்பட்டபோது அவர்தம் தேவையும் திட்டத்தில் இடம்பெற்றது. கோபன்ஹேகன் நகரின் நடுப்பகுதியில் 1962இல் 15,800 சதுர மீட்டராக இருந்த ஊர்தியற்ற பரப்பு, அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் சதுர மீட்டராக விரிந்தது. அவ்விரிவு ஒரே நாளில் நிகழாமல் படிப்படியாக நிகழ்ந்ததால், மக்கள் தம் பழக்கங்களை மாற்றிக்கொள்ளக் காலம் கிடைத்தது.

குழந்தைகள் கேட்ட தெரு

இன்று மிதிவண்டிகளின் நாடாகப் போற்றப்படும் நெதர்லாந்து, எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கும் மகிழுந்துகள் பெருகின. அவற்றுக்கு வழிவிடுவதற்காக வீடுகள் இடிக்கப்பட்டன. நகரச் சதுக்கங்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின. 1971இல் அச்சிறிய நாட்டின் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

மாண்ட குழந்தைகளுள் ஒருத்தி, விக் லாங்கன்ஹோஃப் என்னும் இதழாளரின் மகள். தம் துயரத்தை அவர் 1972இல் நாளிதழ்க் கட்டுரையாக எழுதினார். குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்பது அதன் தலைப்பு. அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் மிதிவண்டிப் பேரணி நடத்தினர். விபத்து நிகழ்ந்த சாலைகளை மறித்து நின்றனர். பாதுகாப்பான தெருவுக்கான வரைபடங்களையும் தாமே எழுதி அலுவலர்களிடம் அளித்தனர். விபத்து என்னும் சொல், தவிர்க்க முடியாதது என்னும் பொருளைத் தருகிறது. இவை தெருவின் அமைப்பால் நேரும் இறப்புகள். எனவே தெருவின் அமைப்பை மாற்றினால் தவிர்க்கக்கூடியவை என்பதை அவர்கள் உணர்த்தினர்.

அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரின் டி பைப் என்னும் நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் குழந்தைகளே களமிறங்கினர். விளையாட இடமில்லாத அவர்கள், தங்கள் தெருவை ஊர்திகளுக்கு மூட வேண்டும் எனக் கோரிக் கையொப்பம் திரட்டினர். தடுப்புகளை வைத்துத் தெருவை மூடியும் காட்டினர். ஊர்தி ஓட்டிகள் சிலர் சினந்து தடுப்புகளை அகற்றினர். 1972இல் எடுக்கப்பட்ட தொலைக்காட்சிப் படம் ஒன்று இக்காட்சிகளைப் பதிவுசெய்து நாடு முழுவதற்கும் காட்டியது.

1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருளைச் சேமிக்க, அவ்வாண்டு நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்ட அரசு தடை விதித்தது. நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் மிதிவண்டி ஓட்டினர். மக்கள் குடும்பத்தோடு நடந்தனர். இயக்கத்தினர் சொல்லால் விளக்கியதை மக்கள் கண்ணால் கண்டனர்.

டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் உருவான ஒரு முறையும் இக்காலத்தில் பரவியது. வோனெர்ஃப் என்னும் அதன் பெயரை வாழ்முற்றம் எனத் தமிழில் கூறலாம். வாழ்முற்றத் தெருவில் நடைபாதை, ஊர்திப்பாதை என்னும் பிரிவு இல்லை. முழுத்தெருவும் நடப்பவர்க்கும் விளையாடும் குழந்தைக்கும் உரியது. ஊர்தி வரலாம், ஆனால் நடப்பவரின் வேகத்தில்தான் வர வேண்டும். மரங்களும் இருக்கைகளும் வளைவுகளும் விரைந்து ஓட்ட முடியாதவாறு அமைக்கப்பட்டன. 1976இல் இம்முறைக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. 1971இல் நூற்றுக்கணக்கில் இருந்த குழந்தை இறப்புகள் பின்னாளில் மிகச் சிறிய எண்ணிக்கையாகக் குறைந்தன.

நம் நகரங்களில்

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் உள்ளன. சிக்கிம் மாநிலத் தலைநகரான கேங்டாக்கில் மகாத்மா காந்தி சாலை நடப்பவர்க்கே உரிய கடைவீதியாக விளங்குகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கிய ஞாயிறு ஊர்தியற்ற சாலை முறையைப் பின்பற்றி, குருகிராம் நகரில் 2013 நவம்பரில் வாரந்தோறும் சில மணி நேரம் சாலையை மக்களுக்குத் திறக்கும் முயற்சி தொடங்கியது. குடிமக்கள் அமைப்புகள் கேட்டதன் விளைவாகத் தொடங்கிய அது, பிற நகரங்களுக்கும் பரவியது.

2014இல் சென்னை மாநகராட்சி, இயந்திரமற்ற போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்பவர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் அளிப்பது அதன் நோக்கம். இந்திய நகரங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் ஏற்ற நகரம் சென்னையே. அதன் தொடர்ச்சியாக, தியாகராய நகரின் பாண்டி பசார் எனப்படும் சௌந்தரபாண்டியனார் அங்காடி அமைந்த தியாகராய சாலை மாற்றியமைக்கப்பட்டது. தன்னார்வ அமைப்புகளோடும் வணிகர்களோடும் கலந்துரையாடல்கள் நடந்தன. சாலையைச் சில நாள்கள் மாற்றி ஒத்திகையும் பார்க்கப்பட்டது. 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இச்சாலை முழுவதுமாக ஊர்தியற்றது அன்று. ஊர்தித் தடம் குறைக்கப்பட்டு, இருபுறமும் அகன்ற நடைபாதையும் இருக்கைகளும் அமைக்கப்பட்டன. துணிக்கடைப் பைகளோடு நடைபாதையில் இறங்கி ஏறித் தடுமாறிய இடத்தில், சக்கர நாற்காலியில் வருவோரும் தடையின்றிச் செல்ல வழி பிறந்தது.

விடை காண வேண்டிய வினாக்கள்

தெருவை நடப்பவர்க்கு அளிப்பதில் நியாயமான ஐயங்கள் எழுகின்றன. அவற்றைப் புறந்தள்ளும் திட்டம் நிலைக்காது.

முதலாவது, நடக்க இயலாதோர் நிலை. ஊர்தி நெடுந்தொலைவில் நிறுத்தப்பட்டால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் துன்புறுவர். எனவே மேடுபள்ளமற்ற தரை, சாய்தளம், பார்வையற்றோர்க்கான தொடுதரை, இடையிடையே இருக்கை, அருகிலேயே பேருந்து நிறுத்தம் ஆகியவை இன்றியமையாதவை. இரண்டாவது, அவசர ஊர்திகளும் சரக்கு வண்டிகளும். அவசர ஊர்திக்கு எந்நேரமும் வழி இருக்க வேண்டும். ஊர்தியற்ற வீதிகள் பலவற்றில் காலையில் குறித்த சில மணி நேரம் சரக்கு இறக்க இசைவு அளிக்கப்படுகிறது.

மூன்றாவது, சாலையோர வணிகர்களின் வாழ்வு. நடைபாதையை அழகுபடுத்தும்போது பூக்காரரும் பழம் விற்பவரும் அகற்றப்படும் நிலை நேர்வதுண்டு. பாண்டி பசாரிலும் சாலையோர வணிகர்கள் முன்னரே அடுக்கு வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். தெருவில் ஆள் நடமாட்டத்தையும் இரவில் பாதுகாப்பையும் அளிப்போர் இவர்களே. தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உறுப்பினர்கள் தெருவோர வணிகர்களாக இருக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. அவர்களையும் அமரவைத்துப் பேசாமல் வரையப்படும் தெரு, நடப்பவர்களுள் ஒரு பகுதியினரை வெளியேற்றிய தெருவாகவே அமையும்.

நான்காவது, பொதுப் போக்குவரத்து. மகிழுந்தை வைத்துவிட்டு வருவோர்க்குப் பேருந்தும் தொடர்வண்டியும் போதிய அளவில் இல்லையெனில், மூடப்பட்ட தெரு மக்களுக்குச் சுமையாகிவிடும்.

கேட்கும் முறை

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் சில பொதுக்கூறுகள் புலப்படுகின்றன. குறையைப் பொதுவாகக் கூறாமல், இந்தத் தெருவில் இந்த மாற்றம் வேண்டும் எனக் குறிப்பாகக் கேட்டனர். சான்றுகளைத் திரட்டினர். நிலையான மாற்றத்துக்கு முன் சோதனை கேட்டனர். சோதனையின் விளைவை எண்ணிக் காட்டினர். மாற்றுக் கருத்துடைய வணிகரையும் அண்டையரையும் தொடர்ந்து சந்தித்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுகள் பல கடந்தும் தளராமல் நின்றனர்.

இவ்வாறு கேட்பதற்கான வாயில்கள் நம் நாட்டிலும் உள்ளன. 1992இல் நிறைவேறிய அரசமைப்பின் 74ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதியை அளித்தது. நகரச் சாலைகளும் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், வண்டி நிறுத்துமிடம் போன்ற பொது வசதிகளும் அத்திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைப்பதற்கான விதிகள் 2022இல் வெளியிடப்பட்டன. ஊராட்சிக்குக் கிராம சபை இருப்பதுபோல், நகரவாசி தம் தெருவைப் பற்றிப் பேசுவதற்குரிய மன்றம் பகுதி சபை. சாலைக்கு ஒதுக்கப்பட்ட தொகை, நடைபாதைக்குச் செலவிட்ட தொகை ஆகியவற்றை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழிக் கேட்டுப் பெறலாம். தடையற்ற நடைபாதையில் நடப்பது, அரசமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியுள்ளது. எனவே நடைபாதையைக் கேட்பவர் சலுகை கேட்பவர் அல்லர், தமக்குரியதைக் கேட்பவர்.

நிறைவாக

ஒரு நகரம் யாரை மதிக்கிறது என்பதை அதன் தெருவின் அகலத்தைக் கொண்டு அறிய இயலாது. அத்தெருவைத் தனியே கடக்கும் எட்டு வயதுக் குழந்தையையும் எண்பது வயது முதியவரையும் கொண்டே அறிய முடியும். ஷெர்லி ஹேய்ஸிடம் பதவி இல்லை; டி பைப் பகுதிக் குழந்தைகளுக்கு வாக்குரிமையும் இல்லை. அவர்களிடம் இருந்தவை ஒரு தெளிவான கோரிக்கையும் கையொப்பத் தாளும் விடாமுயற்சியுமே. இன்று வாஷிங்டன் சதுக்கத்தில் விளையாடும் குழந்தைகளுள் பெரும்பாலோர் அப்பெண்மணியின் பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். எனினும் அவர்கள் ஓடும் தரை, அவர் ஏழு ஆண்டுகள் கேட்டுப் பெற்றுத் தந்த தரை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரத்தில் அதனைக் கடக்கும் நடப்போர், மிதிவண்டிகள், இருசக்கர ஊர்திகள், மகிழுந்துகள், பேருந்துகள் ஆகியவற்றை எண்ணி அட்டவணைப்படுத்துக. நடப்போர்க்கு அத்தெருவில் ஒதுக்கப்பட்டுள்ள அகலத்தை அளந்து ஒப்பிடுக.

2. அத்தெருவில் வேண்டும் மாற்றம் ஒன்றனைக் குறிப்பிட்டு, நீங்கள் திரட்டிய சான்றுகளோடு உள்ளாட்சி உறுப்பினருக்குக் கோரிக்கை மடல் வரைக.

3. உங்கள் ஊர்க் கடைவீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்தியற்றதாக ஆக்கலாமா என்னும் பொருளில், கடைக்காரர், சாலையோர வணிகர், மாற்றுத்திறனாளி, தானி ஓட்டுநர், மாணவர் ஆகியோர் நிலையில் நின்று வகுப்பில் கலந்துரையாடுக.